குறுக்கே ஓட்டிக் காட்டுங்க!

அய்யலூர் மலையடிவாரத்தின் அந்தச் சரிவில் வெள்ளாடே கம்பு ஊன்றித்தான் ஏறும். அங்கே டிராக்டருக்குப் பின்னால் தானே செய்த, மருந்து தெளிக்கும் ட்ரெய்லரை மாட்டிவிட்டு நின்ற முகேஷ்குமாருக்கு வியர்வை ஆறாக ஓடியது. ஏற்கெனவே மூன்று பேர் வந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று போய்விட்டார்கள். இன்று அப்பாவோடு காரில் வந்திறங்கிய தமிழ்மதியும் அப்படிப் போய்விட்டால், அம்மா கருப்பம்மாள் ஒரு வருஷத்துக்குச் சோறு போடமாட்டாள்.

"சக்கரத்தை எம்புட்டு அகலத்துல வச்சிருக்கீங்க?" என்றாள் தமிழ்மதி.

"ஆறடிங்க. டேங்கையும் ஒரு அடி கீழ இறக்கிட்டேன்."

"பாதித் தண்ணி இருக்கயில அலையடிச்சு வண்டியைக் கவுத்துறாதா?"

"உள்ள நாலு தடுப்பு வச்சிருக்கேங்க."

"வாயில எல்லா வண்டியும்தான் ஏறும். பாதித் தண்ணியோட, சரிவுக்குக் குறுக்க ஓட்டிக் காட்டுங்க!"

கருப்பம்மாள் இருநூறு சாமிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ட்ரெய்லரோ தண்டவாளத்தில் ரயில் போவதுபோலச் சாயாமல் போய், நாற்பது எலுமிச்சை மரங்களைக் குளிப்பாட்டிவிட்டுத் திரும்பியது.

தமிழ்மதி சக்கரத்தை ஓர் உதை உதைத்துப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள்.

"யப்பா, எனக்கு மாப்பிள்ளையப் புடிச்சிருக்கு. தட்டை மாத்திருங்க!"

கருப்பம்மாள் போட்ட குலவையில் திண்டுக்கல் மலைக்கோட்டையே ஒரு ஆட்டம் ஆடி நின்றது.