பதினேழாவது செடி

பங்குனி பிறந்தும் குன்னூரில் உறைபனி விடவில்லை. தேவசகாயத்தின் பதினாறு குடைமிளகாய் நாற்றுகளுக்கும் தண்டில் ஒரு சென்சார் கிளிப் உண்டு. குளிரெடுத்தால் செடியே அவருக்குப் போன் செய்யும். வீட்டுக் கம்பளிகளெல்லாம் தோட்டத்துக்குப் போயாயிற்று.

விடியற்காலையில் போன் அலறியது: "பதினேழாவது செடி நடுங்குகிறது!"

மிச்சமிருந்த ஒரே கம்பளியோடு ஓடினார். மூன்று தடவை எண்ணியும் பதினாறுதான். குழம்பிப்போய் உள்ளே வந்தால், கல்யாணமாகி முப்பத்தோரு வருடமான மனைவி ரோஸ்லின் காதில் இன்னொரு கிளிப்போடு உட்கார்ந்திருந்தாள்.

"பத்து நாளா குளிருதுன்னு வாயால சொன்னேன். கேட்டீங்களா?"

அசடு வழியக் கம்பளியைப் போர்த்திவிட்டார். போன் மறுபடி அலறியது: "பதினேழாவது செடி வாடியிருக்கிறது. தினமும் பேச்சுக் கொடுக்கவும்."

தேவசகாயம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என்ன கண்ணு, வேர் பிடிச்சிருச்சா?"