குறி தெரியாதவர்

இதை எனக்குச் சொன்னவள் சசிரேகா. தொண்ணூற்றொன்று கார்த்திகையில், வல்லத்து அம்மன் கோயிலில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

அவள் கணவர் புருஷோத்தமன், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பல்பு கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்த்தவர். அந்த வேலை போன கதை ஊருக்கே தெரியும்.

ஆளைக் குறைக்கப் போகிறோம், கெட்ட பல்பு அதிகம் போட்டவர்கள் வெளியே என்றார் மேனேஜர். யார் யார் என்று எடுத்துத் தரவேண்டியவர் புருஷோத்தமன்.

புள்ளிவிவரத்துக்கென்றே உள்ள கம்ப்யூட்டர் மொழியாம். அதில் ஒரே ஒரு கட்டளை எழுதி வைத்திருந்தார். எண்களோடு, எந்தக் குறியால் பார்ப்பது என்பதையும் ஒவ்வொரு தடவையும் அதன் கையில் கொடுக்கவேண்டும். 'குறைவு' குறியைக் கொடுத்தால், கெட்ட பல்பு குறைவாகப் போட்டு நன்றாக வேலை செய்பவர் பெயர் வரும். மாதாமாதம் பரிசுக்கு அப்படித்தான். 'அதிகம்' குறியைக் கொடுத்தால் மற்றவர்கள்.

அன்றைக்கு, வெளியே போகவேண்டியவர்கள் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினால், அத்தனையும் பரிசு வாங்குகிறவர்கள் பெயர்.

பல்பு செய்கிற லைன் முழுக்கச் சிரித்தது. சிரிப்பு கம்பெனி கேட்டுக்கு வந்து கோஷமானது.

"இந்த மெஷினை நம்பியா எங்களை அனுப்பப் பார்த்தீங்க?"

மானம் போன மேனேஜர் ஆள்குறைப்பையே விட்டுவிட்டார். புருஷோத்தமனை மட்டும் அனுப்பினார்.

வேறு எங்கே வேலை கேட்டாலும், குறி தெரியாதவர் என்ற பேச்சு அவருக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கிறது.

அந்த லைனில் வேலை செய்கிற கனகம் இன்றும் குழாயடியில் சொல்லிச் சிரிப்பாள். "இன்னா பெரிய படிப்பு? எது பெருசு, எது சின்னதுன்னு தெரியல. பாவம் சசிரேகா, இந்தாளைக் கட்டிக்கினு."

கோயிலில் நான், "கை தவறிடுச்சு, விடும்மா. அம்மன் வேற வழி காட்டுவா" என்றேன்.

"கை தவறலக்கா. காலையில விபூதி வெச்சிக்கினு கெளம்பும்போதே எங்கிட்ட சொன்னாரு."

"இன்னா சொன்னாரு?"

"சரியான குறியைக் குடுத்தா மொதப் பேரே கனகம்தான் வருது. புருஷன் செத்து ரெண்டு மாசம்கூட ஆவல, அவளுக்கு வேலையில மனசு எப்படி நிக்கும்? மாத்திக் குடுத்துடறேன், தப்பு என்னோடதா போவட்டும்னாரு."

திரியைத் தூண்டிவிட்டாள்.

"கனகத்துகிட்ட சொல்லிடாதீங்கக்கா. தாங்க மாட்டா."

நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லவேண்டாம். குழாயடியில் அவள் சிரிக்கும்போது, கூடச் சிரிக்காமல் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள், போதும்.