அப்பா சொன்ன பதில்

"நூறு வயசு வாழ்ந்த மனுஷன்டா உன் கொள்ளுத்தாத்தா! நீ என்னடான்னா அறுபத்திரண்டுன்னு எழுதி வெச்சிருக்கே!"

சித்தப்பா எகிறிக் குதித்தார். என் வீட்டுக்காரர் அசரவில்லை.

"இறப்புப் பதிவுல அப்படித்தான் இருக்கு, சித்தப்பா. பேதியில போயிட்டார்னும் போட்டிருக்கு."

"அதையும் எழுதப் போறியா?"

"உள்ளதைத்தானே எழுத முடியும்?"

சித்தப்பா காபியைக்கூடத் தொடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இப்படியே போனால் குடும்ப வரலாறு எழுதி முடிக்கும்போது குடும்பத்தில் எங்களோடு பேச ஆள் இருக்காது. பிறப்புப் பதிவு, இறப்புப் பதிவு, மக்கள்தொகைக் கணக்கு என்று ஆபீஸ் ஆபீஸாக அலைகிற மனுஷனிடம், கொஞ்சம் விட்டுக்கொடுங்களேன் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

சாயங்காலம் அத்தை வந்தார். என் மாமனாரின் அக்கா. முதல் தாரத்துப் பெண். அம்மா செத்து, இளையவள் வீட்டுக்குள் வந்த அன்றே கையில் துடைப்பத்தை வாங்கியவர். இப்போது கண் சரியாகத் தெரியாது. சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

"ஏம்ப்பா, எங்க வீட்டுக் கணக்கெடுப்புத் தாள் கிடைச்சிருச்சாமே?"

"ஆமா அத்தை. போன வாரம்தான் வந்தது."

"அவங்க வந்து எழுதினப்ப நான் பின்கட்டுல பாத்திரம் தேய்ச்சிட்டிருந்தேன். வீட்டுல யார் யாருன்னு கேட்டாங்க. அப்பா சொன்ன பதில் மட்டும் காதுல விழல. என்னையும் பிள்ளைன்னு சொன்னாரா?"

நான் குறுக்கே விழுந்தேன். "உங்க பிறப்புப் பதிவுலதான் அப்பான்னு தாத்தா பேர் இருக்கே, அத்தை!"

"அது எங்கம்மா உசிரோட இருந்தப்ப எழுதினதும்மா. அதுக்கப்புறம் அவர் வாயால மகள்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. கண்ணை மூடறதுக்குள்ள தெரிஞ்சுக்கணும்."

போயும் போயும் இவரிடமா கேட்க வேண்டும்? ஜாடை காட்டினேன். இவர் என் பக்கமே திரும்பவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை எடுத்தார்.

"பிள்ளைங்க வரிசையில உங்க பேர்தான் அத்தை முதல்ல இருக்கு. வயசு பத்து. மூத்த மகள்னு சொல்லியிருக்கார்."

"இன்னொரு தடவை படிப்பா."

"மூத்த மகள்."

"பாவி மனுஷா, அதை என்கிட்ட ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா?" அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதுவிட்டேன்.

கிளம்பும்போது, "அதுல எனக்கு ஒரு நகல் எடுத்துக் குடுப்பா. தலைமாட்டுல வெச்சுக்கறேன்" என்றார்.

அத்தையை வண்டி ஏற்றிவிட்டு உள்ளே வந்தேன். இவர் அந்தத் தாளைச் சுக்குநூறாகக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"ஐயையோ! என்ன மனுஷன் நீங்க? அவங்க ஆசையா நகல் கேட்டாங்களே!"

"குடுத்தா, யாராவது படிச்சுக் காட்டிட மாட்டாங்களா?"

இவர் குரல் உடைந்து நான் கேட்டதே இல்லை.

"உறவு ஒண்ணும் இல்ல, வீட்டு வேலைக்கு வெச்சிருக்கிற பொண்ணுன்னு சொல்லியிருக்கார்டி எங்க தாத்தா."