தாஷ்கண்டில் ஒரு பூங்கொத்து

எழுபத்தேழில் தூத்துக்குடியிலிருந்து நட்புறவுக் குழுவில் மாஸ்கோ போன வில்பிரட்டுக்கு, வழியில் தாஷ்கண்டில் ஒரு நாள் ஊர் சுற்றிக் காட்டினார்கள். மற்றவர்கள் கட்டடங்களை அண்ணாந்து பார்த்தார்கள். அவர் மட்டும் பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலெல்லாம் ரோட்டைச் செருப்புக் காலால் தட்டிப் பார்த்தார்.

வழிகாட்டிப் பெண்ணின் ஆங்கிலத்தை, கூட வந்த நாசரேத் வாத்தியார் தேவதாசன் தமிழில் சொன்னார்: "அறுபத்தாறுல பூமி அதிர்ந்து ஊரே விழுந்துட்டாம், அண்ணாச்சி. இம்புட்டும் அதுக்குப் பொறவு கட்டினதாம்."

மத்தியானம் சாப்பிடும்போது அவள் தன் மகனின் படத்தைக் காட்டினாள். வில்பிரட்டும் பர்ஸிலிருந்து மகள் படத்தை எடுத்து நீட்டினார். மாதா கோவிலில் மற்றப் பிள்ளைகளோடு புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய அன்று, வெள்ளைக் கவுனோடு வீட்டு வாசலில் நிற்க வைத்து எடுத்தது.

அவள் முகம் வாடிவிட்டது.

"எப்ப நடந்ததுன்னு கேக்கா, அண்ணாச்சி."

"மூணு வருசமாச்சு."

"எத்தனை பிள்ளையன்னு கேக்கா."

"ஒரே நாள்ல நாப்பது பிள்ளைய!" என்றார் வில்பிரட் பெருமையாக.

கடைசியாக நிலநடுக்க நினைவுச் சின்னம். அவள் ஒரு பூங்கொத்தை வாங்கி வைத்துவிட்டு அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாள். அங்கே நின்ற உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் வில்பிரட்டைப் பார்த்துத் தலை குனிந்தார்கள்.

"எனக்கு எதுக்கு வாத்தியாரே இந்த மரியாதை?"

தேவதாசன் அவளிடம் ஆங்கிலத்தில் கேட்டு வந்து சொன்னார்: "படத்துல பிள்ளைக்குப் பின்னால தெரியுத தெருவைப் பாத்து, நம்ம ஊர்லயும் பூமி அதிர்ந்துட்டுன்னு நெனச்சிட்டா. இருங்க, அது சும்மா ரோடுதான்னு சொல்லிட்டு வாரேன்."

வில்பிரட் அவர் கையை இறுகப் பிடித்தார்.

"நீரு பேசாமத் தலையக் குனியும். அந்த ரோட்டுக்குக் காண்ட்ராக்டரே நாந்தான்."