ராகுகாலத்தில் கிடைத்த தகுதி

“ராகுவையே கழுத்தைப் பிடித்து விமானம் ஏத்தினவனாக்கும் நான்!” என்று ஓய்வுபெற்ற அரங்கநாயகம் தெருவே அதிர முழங்கினார். அவர் மனைவி குருவம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். சில மாதங்களுக்கு முன்பு மகள் தேன்மொழி வெளிநாட்டில் குடியேற விண்ணப்பித்ததும் ‘தகுதி இல்லை’ என்று கணினி கைவிரித்திருந்தது. நல்ல நேரம் பார்த்து வெள்ளிக்கிழமையே அனுப்ப வைத்தவள் குருவம்மாள்தான். தகுதிக்குத் தேவையான மூன்று வருட வேலை அனுபவம் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் நிறைகிறது என்பதை அரங்கநாயகம் கண்டுபிடித்தார். “திங்கக்கிழமை காலைல ஒன்பது மணிக்கு விண்ணப்பக் கடையைச் சாத்திருவான். எட்டரைக்கு மறுபடி போடு தாயி!”

“ஐயோ, ராகுகாலங்க! வெளங்குமா?” என்று பூஜையறைக்குள் ஓடினாள் குருவம்மாள்.

திங்கட்கிழமை எட்டரைக்குத் தேன்மொழி பொத்தானை அழுத்தினாள். ‘தகுதி உண்டு’ என்று வந்தது.

“மாமா அளக்குறாரா அத்தை?” என்று இன்றைய முழக்கத்தைக் கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பெண் விசாரித்தாள்.

குருவம்மாள் குரலைத் தாழ்த்தினாள். “அந்த மனுசன் வாயில வந்ததுல இது ஒண்ணுதான்டி நெசம்.”