அண்ணி மாட்டிய ஸ்கோப்

அப்பாவின் துப்பாக்கியில் கை வைக்க அண்ணிக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?

கொட்டகைக்குள் நுழைந்ததும் டேரலுக்குச் சுருக்கென்றது. அப்பா வெர்னன் வாலிபத்திலிருந்து வெறுங்கண்ணாலேயே குறிபார்த்துச் சுட்ட துப்பாக்கி அது. அதன்மேல் இப்போது கறுப்பாக, நீளமாக, தூரத்துக் குறியைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு புது ஸ்கோப் உட்கார்ந்திருந்தது.

மாட்டியவள் அண்ணி ரோண்டா. அண்ணன் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போனபிறகு, அந்த மொன்டானா பண்ணையில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"எனக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல டேரல். இந்த வருஷம் மாமா துப்பாக்கியைத்தான் எடுத்துட்டுப் போறேன். கேட்டேன், சரின்னுட்டார்."

"கிழட்டுக் குதிரைக்கு மூக்குக்கண்ணாடி மாட்டின மாதிரி இருக்கு" என்றான் டேரல்.

மூலையில் உட்கார்ந்திருந்த அப்பா காபிக் கோப்பையை விட்டுத் தலை நிமிரவில்லை. சில வருஷமாக அவர் வேட்டைக்கே வருவதில்லை. முழங்கால் வலி என்பார். கடைசியாகப் போனபோது கண்ணெதிரே நின்ற எல்க் மானைத் தவறவிட்டு, காற்றின் மேல் பழி போட்டிருந்தார்.

டேரல் துப்பாக்கியை வாங்கி, உள்ளே குண்டு இல்லை என்று பார்த்துவிட்டு, குண்டறையை அடைக்கும் போல்ட்டை முன்னால் தள்ளினான். போனது. கைப்பிடியைக் கீழே மடக்கினான். பாதியில் முரண்டு பிடித்து நின்றுவிட்டது. இழுத்துத் தள்ளி மறுபடி மடக்கினான். அதே கதைதான்.

போல்ட் பூட்டாத துப்பாக்கி வெறும் தடி. விடிந்தால் வேட்டைக் காலம் ஆரம்பம். கடையில் கொடுத்தால் சீசன் முடிந்துதான் திரும்பி வரும்.

"நல்லா இருந்ததை நாசம் பண்ணிட்டீங்க அண்ணி. கழட்டி வீசுங்க அதை."

ரோண்டா ஸ்கோப்பையும் அதன் தாங்கியையும் கழற்றினாள். போல்ட் வெண்ணெயாக வழுக்கிப் பூட்டிக்கொண்டது. அப்படியானால் துப்பாக்கியில் கோளாறு இல்லை என்றாள். தாங்கியை மட்டும் வைத்து, ஒவ்வொரு திருகாணியாக முடுக்கி, ஒவ்வொரு தடவையும் போல்ட்டைப் பூட்டிப் பார்த்தாள். பின்னால் உள்ளவை தொந்தரவு தரவில்லை. முன்கோடித் திருகாணியை முடுக்கியதும் சிக்கியது. தளர்த்தினால் விட்டது.

அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். நுனியில் பளபளவென்று ஒரு சிராய்ப்பு. தேவைக்கு மேல் நீளம். உள்ளே எட்டிப் பார்த்து, போல்ட்டின் தலையில் உரசிக்கொண்டிருந்தது.

அரத்தை எடுத்து நுனியைத் துளித்துளியாக ராவினாள். தூளைத் துடைத்தாள். எல்லாவற்றையும் திரும்ப மாட்டினாள்.

"இப்ப பூட்டிப் பாரு."

டேரல் மடக்கினான். டக்கென்று பூட்டியது.

அன்று மாலையே சரளைக் குழியில் அட்டை நட்டு, சுட்டுப் பார்த்து, குறியைச் சரிசெய்துகொண்டாள். மலைப்பாதை தனக்குப் பழக்கமில்லை, கூட வந்து வழி காட்டுங்கள் என்று மாமாவையும் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தாள்.

மறுநாள் காலையில், முழங்கால் வலிக்காரர் மற்ற இருவருக்கும் முன்னால் மலையேறினார்.

பைன் மரங்களின் ஓரத்தில் பெரிய கொம்போடு ஒரு எல்க் நின்றது. ரோண்டா குப்புறப் படுத்துக் குறிபார்த்தாள். பிறகு துப்பாக்கியை நகர்த்தினாள்.

"கை நடுங்குது மாமா. நீங்களே சுடுங்க."

இதற்குத்தானா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று டேரல் பல்லைக் கடித்தான்.

வெர்னன் ஸ்கோப்பில் கண்ணை வைத்தார். நெடுநேரம் அசையவில்லை.

"மயிர் மயிரா தெரியுதே" என்று முணுமுணுத்தார்.

ஒரே வெடி. நின்ற இடத்திலேயே எல்க் சாய்ந்தது. வெர்னன் தொப்பியைக் கழற்றி வானத்தில் வீசினார். டேரலை இழுத்துக் கட்டிக்கொண்டார். இந்தச் சிரிப்பை அவன் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது.

ரோண்டா கத்தியோடு எல்க்கை நோக்கி நடந்தாள். அப்பா மகனின் காதோடு சொன்னார்: "பாவம்டா, இந்த வயசுல அவளுக்குக் கண்ணு போச்சு. அவளுக்காகத்தான் ஸ்கோப் மாட்டச் சம்மதிச்சேன். இனிமே கேலி பண்ணாதே."

டேரலுக்கு வெட்கமாகிவிட்டது. மன்னிப்புக் கேட்க அண்ணியிடம் போனான்.

அவள் எதிர்மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தச் சரிவுல ஒரு கூட்டம் மேயுது பாரு. கடைசியில நிக்கறதுக்கு இடது கொம்பு ஒடிஞ்சிருக்கு."

அவனுக்குக் காய்ந்த புல்தான் தெரிந்தது. பைனாகுலரை எடுத்துத் தேடினான். கடைசியில் நின்றதற்கு இடது கொம்பு ஒடிந்துதான் இருந்தது.

"அண்ணி, உங்க கண்ணு..."

"மெதுவாப் பேசு. மாமாவுக்குக் கண்ணுதான் மங்கல், காது கூர்மை."