பீரங்கிக்கு மண்டியிட்டவர்

அஞ்சலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வருவதற்குள் அவள் அப்பாவின் கைகளைக் கட்டிவிட்டார்கள். கோட்டைப் பீரங்கி முழங்கினால், கடலுக்கு அப்பாலிருக்கும் ராஜாவை நினைத்து மண்டியிடுவது அந்தத் தீவின் வழக்கம். இனி ராஜா இல்லை என்று அறிவிக்க இன்று அதே பீரங்கியைத்தான் முழக்கினார்கள். பழக்கதோஷத்தில் மண்டியிட்ட எல்லோரும் சட்டென்று எழுந்துவிட்டார்கள். மூட்டுவலிக்காரரான அப்பாவால் முடியவில்லை.

“நம்ம சம்மதம் இல்லாம எவனும் நம்மள ஆள முடியாதுன்னு இப்பத்தானே வாசிச்சேன்? யாருக்குய்யா மண்டி போட்டே, துரோகி?” என்றான் கிளர்ச்சிக்காரர்களின் தலைவன் தயாளன், கையிலிருந்த பிரகடனத்தை ஆட்டியபடி.

“சத்தம் கேட்டுச்சு தம்பி. முட்டி தானா மடங்கிருச்சு.”

“நீங்களும்தான் போட்டீங்கண்ணா, நான் பாத்தேன்,” என்றாள் அஞ்சலை.

யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். தயாளனின் முகம் கறுத்தது. “சரி, இனிமே ஊர்தான் ராஜா. இவர தூக்குல போட வேணாம்ங்கிறவங்க கையத் தூக்குங்க.”

அஞ்சலை இரண்டு கைகளையும் தூக்கினாள். வேறு ஒரு கையும் எழவில்லை. நேற்றுவரை அப்பாவிடம் வெற்றிலை வாங்கிப் போட்டவர்கள்கூட தயாளனின் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“அண்ணா, ஊர்தான் ராஜான்னீங்களே? அப்புறம் இவங்கள்லாம் எதுக்கு உங்களயே பாக்கறாங்க?” என்றாள் அஞ்சலை.